எஃப் 53.1

"டிஸ்சார்ஜ் சம்மரியில அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் டாக்டரம்மா" என்றார் பெண்ணின் அப்பா. மருமகன் பில் கட்டப் போயிருந்த நேரமாகப் பார்த்துத்தான் கேட்டார். "அந்தப் பேப்பரை வச்சே என் பொண்ணைத் தள்ளி வச்சிருவாங்க."

வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டத்தில் மனநோயும் விவாகரத்துக்கு ஒரு காரணம். சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு நோய் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்ப அவ்வளவெல்லாம் தேவையில்லையே.

பிரசவத்துக்குப் பின் வரும் இந்த மனநோய் ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தூக்கம் போய்விடும். குழந்தை தன்னுடையதே இல்லை என்றுகூடத் தோன்றும். இவளும் அப்படித்தான் வந்தாள். ஒலான்சபின் என்ற மனநோய் மருந்து கொடுத்தோம், தாய்ப்பாலை நிறுத்தவில்லை. நன்றாகவே தேறிவிட்டாள். தேறிவிடுகிற நோய்க்கு ஆயுள் முழுக்க ஒரு முத்திரையா?

சம்மரியில் 'எஃப் 53.1' என்று மட்டும் எழுதினேன். பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய்ப் பட்டியலில் பிரசவத்துக்குப் பிந்தைய கடும் மனநோய்க்கு அதுதான் எண். மனநல மருத்துவர் யார் பார்த்தாலும் புரியும்.

ஆனால் அடுத்த முறை அவள் முதலில் போகப்போவது மகப்பேறு மருத்துவரிடம். ஒருமுறை வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது அடுத்த பிரசவத்தில் திரும்ப வருகிறது. முன்பே தெரிந்தால் குழந்தை பிறந்த கையோடு தடுப்பு மருந்து தொடங்கலாம். எண் புரியாவிட்டாலும் மருந்துப் பெயரைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதே பெயரை மாமியார் வீட்டில் யாராவது போனில் தட்டிப் பார்த்தாலும் புரியுமே! அப்படியானால் நான் யாரிடமிருந்து எதை மறைத்தேன்? இத்தனைக்கும் நடுராத்திரியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் அந்த மருமகன்தான். அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

அவளிடம் எண்ணைக் காட்டி விளக்கிச் சொன்னேன். "அடுத்து உண்டானா, முதல் செக்கப்பிலேயே இந்தப் பேப்பரைக் காட்டணும்மா."

கவனமாகத்தான் கேட்டாள். "செக்கப்புக்கு அத்தைதான் கூட வருவாங்க, டாக்டர்" என்றாள்.

தனியாக இரண்டு நிமிஷம் பேசணும் என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னேன். சரி என்றாள். அப்படி வாய்விட்டுக் கேட்கிற பெண்ணாக எனக்குத் தோன்றவில்லை.