சுத்துச்சுவரா, தடுப்புச்சுவரா?

குன்னூர் பக்கம் 11 வருஷமா சைட் இன்ஜினியரா இருக்கேன். போன்ல வர்றவங்கள்ல பாதிப்பேர் "சார், வீட்டைச் சுத்தி தடுப்புச்சுவர் கட்டணும், அடிக்கு எவ்வளவு ஆகும்"னுதான் ஆரம்பிப்பாங்க. ரேட் சொல்றதுக்கு முன்னாடி நான் கேக்குறது ஒண்ணுதான், சுவருக்குப் பின்னாடி என்னங்க இருக்கு, வெறும் இடமா, மண்ணா?

சுத்துச்சுவர்னா காம்பவுண்ட். எல்லை தெரியணும், காட்டுமாடு உள்ள வரக்கூடாது, அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் ஒரே மட்டம், தன் எடையையும் காத்தையும் தாங்கினா போதும். தடுப்புச்சுவர், அதாவது ரீடெய்னிங் வால், அப்படி இல்ல. ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் பள்ளம், ராத்திரி பகலா மண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். உயரம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை 4 மடங்கு, சுவரை அடியில இருந்து கவுக்குற திருப்புதிறன் (மொமென்ட்) 8 மடங்கு, அதனால 5 அடிக்கு நின்ன சுவரை அப்படியே 10 அடிக்கு ஏத்துறதுங்கிறது நடக்கவே கூடாத வேலை.

கோத்தகிரி ரோட்டுல ஒரு வீடு. 6 இன்ச் ஹாலோ பிளாக்ல 7 அடி சுவர், யாரோ கட்டினது, காம்பவுண்டா நின்னவரைக்கும் ஒரு குறையும் இல்ல. அப்புறம் கார் நிறுத்தணும்னு உள்பக்கம் 5 அடிக்கு மண்ணக் கொட்டி மட்டம் பண்ணிட்டாங்க. ஐப்பசி மழை மூணாவது நாள் என்னைக் கூப்பிட்டாங்க. வெளிப்பக்கம் மேல இருந்து தூக்குக்குண்டு விட்டேன், கீழ குண்டுக்கும் சுவருக்கும் நடுவுல என் நாலு விரல் தாராளமா போச்சு, பிளாக் ஜாயின்ட் ஒவ்வொண்ணுலயும் டீ நிறத்துல தண்ணி கசியுது. வீட்டுக்கார அம்மா அழாத குறையா சொன்னாங்க, "தம்பி, நான் தடுப்புச்சுவர்னுதானே சொல்லிக் கட்டினேன்?"

அவங்க சொன்னது நிஜம்தான். கட்டினவர் காதுல அது காம்பவுண்ட்னு விழுந்திருக்கு, பின்னாடி மண்ணு வரப்போகுதான்னு யாரும் கேக்கல. பொய் சொன்னவங்க இதுல யாருமே இல்ல, அதுதான் எனக்கு மனசு ஆறல.

நம்ம ஊர்ல மண்ணை விடப் பெரிய பயம் தண்ணி. பின்னாடி தண்ணி தேங்கி நின்னுச்சுன்னா காஞ்ச மண்ணு தள்ளுறத விட ரெண்டு மடங்குக்கு மேல தள்ளும். 2009 நவம்பர் மழைல இந்த மாவட்டத்துல மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல போனாங்க, அதப் பாத்தவங்க யாரும் இங்க மண்ணு விஷயத்துல அசால்ட்டா இருக்க மாட்டாங்க.

முதல்ல சுவருக்குக் கீழ, பள்ளத்துல இருந்த வீட்டு ஆளுங்கள வேற இடத்துக்கு அனுப்பிட்டு, ரெண்டு நாள் சட்டியில மண்ண அள்ளி வெளிய கொண்டுபோனோம். மழை விட்டதும் கருங்கல்லுல புதுசா கட்டினோம், அடில 4 அடி அகலம், மேட்டுப் பக்கம் சாஞ்ச மாதிரி, பின்னாடி ஜல்லி, நடுநடுவுல வீப் ஹோலுக்கு, அதாவது பின்னாடி தேங்குற தண்ணி வெளிய வடியுற ஓட்டைக்கு, 3 இன்ச் குழாய். கலவை உள்ள போயிடக்கூடாதுன்னு மேஸ்திரி குழாய் வாய் ஒவ்வொண்ணுலயும் சாக்குத்துண்டை அடைச்சு வச்சு, கட்டி முடிச்சதும் ஒண்ணு விடாம எண்ணி எண்ணி உருவினார்.

அடுத்த மழைக்கு அந்தம்மா போன். "தம்பி, குழாய்ல எல்லாம் தண்ணி ஒழுகுது, பரவாயில்லையா?" தெளிவா வருதா கலங்கலா வருதான்னு கேட்டேன். தெளிவாத்தான் வருது, ஆனா ரெண்டு குழாய்ல மட்டும் ஒண்ணுமே வரலன்னாங்க. மறுநாள் விடிஞ்சதும் கம்பிய எடுத்துக்கிட்டு அந்த ரெண்டையும் குத்தி விடப் போனேன்.