திடல் நாட்குறிப்பு, வியாசர்பாடி

மார்ச் 9, 2025, ஞாயிறு

ஜேசிபி வந்துவிட்டது. வடக்குக் கோல் போஸ்ட்டைப் பிடுங்கி மதிலோரம் சாய்த்திருக்கிறார்கள். செயற்கைப் புல்தரையும் உயர விளக்குகளும் வருகின்றன என்று பையன்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும் மகிழ்ச்சிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு இந்த மண்ணில் எவ்வளவு கண்ணாடிச் சில்லு பொறுக்கினோம்!

மார்ச் 16, ஞாயிறு

வரைபடத்தைக் காட்டினார்கள். சுற்றிலும் நடைபாதை, ஓரத்தில் உடற்பயிற்சிக் கருவிகள், கழிப்பறை. ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் பதினொருவர் ஆட்டத்துக்கு விதிப்படி குறைந்தது 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் வேண்டும். எங்கள் திடல் அந்த அளவைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. இவை எல்லாம் போக மிஞ்சுவது அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸுக்கான இடம். குட்டி பிரேசில் என்று ஊரே நம் பேட்டையைக் கொண்டாடுகிறது. லீக் ஆடப்போகும் பையன் நீளப் பந்து அடிக்க எங்கே பழகுவான்? கேட்டேன். "நிதிக்கு ஏற்றபடிதான் சார்" என்றார்கள்.

ஏப்ரல் 12, சனி

ஜல்லி நிரப்பிச் சமன் செய்கிறார்கள். மேற்பார்வைக்கு வந்த இளம் பொறியாளர் பொறுமைசாலி. பிளாஸ்டிக் இழைகளுக்கு நடுவே மணல், அதன்மேல் பழைய டயரை அரைத்த கருப்புத் துகள் என்று விளக்கினார். அந்தத் துகள் காலோடு ஒட்டி வீட்டுக்கும், மழையோடு கால்வாய்க்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இதன் விற்பனைக்குத் தடை விதித்து எட்டு ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. அடிக்கடி பிரஷ் போட்டு இழைகளை நிமிர்த்த வேண்டும், எட்டுப் பத்து ஆண்டுகளில் தரையையே மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். அந்தச் செலவு யாருடையது என்றதும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். விரித்து முடித்த பகுதியில் நண்பகலில் கை வைத்துப் பார்த்தேன், வைத்த வேகத்தில் எடுத்தேன். இத்தகைய தரை கோடை வெயிலில் 60 டிகிரியைத் தாண்டும். மண்திடலில் பள்ளி விடுமுறை நாள் முழுக்கப் பிள்ளைகள் கிடப்பார்கள். இனி விடியற்காலையும் மாலையும்தான் ஆட்டம். ஆக, விளக்கு எரியும் அந்த மாலை நேரத்துக்குத்தான் போட்டி வரப்போகிறது. போட்டி வந்தால் விலையும் வரும்.

இது வெறும் சந்தேகம் இல்லை. 2024 அக்டோபர் இறுதியில், ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. செவன்ஸ் ஆடப் பதினான்கு பேர். ஒரு மணி ஆட்டத்துக்கு 1,680 ரூபாய். இங்கே பல வீடுகளில் ஒரு நாள் கூலியே அதற்குக் கீழேதான். எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றதை மறுபடி கொண்டுவர ஒரு கூட்டம் போதும்.

ஜூன் 8, ஞாயிறு

திறந்தாயிற்று. பந்து உருளும் அழகைப் பொய் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். நானே இரண்டு பாஸ் கொடுத்தேன், முழங்கால் திட்டியது. ஆனால் இப்போது சுற்றிலும் வலை, ஒரே ஒரு கதவு, அதில் பூட்டு. காவலர் நல்லவர்தான், அவருக்குச் சொன்னதைச் செய்கிறார்: அணிப் பெயர் கேட்கிறார், வெறுங்காலோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார். எங்கள் பேட்டையில் பூட்ஸ் இரவல் வாங்கி ஆடாதவர் யார்? திரும்பிய சிறுவர்கள் வெளியே தெருவிலேயே ஆடினார்கள், ஆட்டோக்களுக்கு நடுவே.

ஜூன் 10, செவ்வாய்

மனு எழுதிவிட்டோம். தினமும் மாலை 5 முதல் 7 வரை பேட்டைப் பிள்ளைகளுக்கு இலவசம், வெறுங்காலுக்கும் அனுமதி, சாவி யாரிடம் என்பது பலகையில். எதிர்வீட்டு அக்கா படித்துப் பார்த்துவிட்டு, "பெண் பிள்ளைகளுக்கு நேரம் எங்கே தம்பி?" என்று கேட்டார். சேர்த்தாயிற்று. வியாழக்கிழமை ஷிப்டு மாற்றிக்கொண்டு அவரோடு மண்டல அலுவலகம் போகிறேன். கையெழுத்துப் போட்ட நகலில் முத்திரை வாங்காமல் வரக் கூடாது.