உக்கிராணக்காரன் கையில் சாவி மட்டுமே

தமிழ் வேதாகமத்தில் வரும் 'உக்கிராணக்காரன்' என்ற சொல்லைச் சட்டென்று கடந்துவிடாதீர்கள். உக்கிராணம் என்றால் சரக்கறை. கல்யாண வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் அளந்து கொடுப்பவரிடம்தான் அதன் சாவி இருக்கும். ஆனால் உள்ளே இருப்பதில் ஒரு படி அரிசிகூட அவருடையது இல்லை.

இதையே நிலத்துக்கு விலைக்கணக்கோடு சொல்கிறது லேவியராகமம் 25. நிலம் கர்த்தருடையது, இஸ்ரவேலராகிய நீங்கள் அதில் வந்து தங்கும் புறக்குடிகள். ஆகவே அறுதியாய் விற்கக்கூடாது. 50-ஆம் வருஷமான யூபிலியில் வயல் பழைய குடும்பத்துக்கே திரும்பிவிடும். அப்படியானால் வாங்குபவர் காசு கொடுப்பது மண்ணுக்கு அல்ல, யூபிலி வரை மிச்சமிருக்கும் விளைச்சல்களுக்கு. வருஷம் கூடினால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். கிரயம் என்பதைவிடக் குத்தகை என்றால்தான் பொருந்தும். நடுவில் விற்றவருக்குக் கை தேறினால், வாங்கியவர் அனுபவித்த வருஷங்களைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்து மீட்கலாம். மதில் சூழ்ந்த பட்டணத்து வீட்டுக்கு மட்டும் ஒரே வருஷ அவகாசம்; தவறினால் அது வாங்கியவருக்கே. வீடு மனிதன் கட்டியது, வயல் அப்படியல்ல என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஒவ்வொரு ஏழாம் வருஷமும் நிலத்துக்கு ஓய்வு: விதைப்பும் இல்லை, திராட்சைக் கிளை கழிப்பும் இல்லை. தானாய் விளைந்ததில் வேலைக்காரனுக்கும் பரதேசிக்கும் பங்கு உண்டு, காட்டு மிருகத்துக்கும் உண்டு! அந்தக் கடைசிப் பெயரை நம் பிரசங்கங்கள் எத்தனை முறை விட்டுவிடுகின்றன.

இஸ்ரவேல் சறுக்கியதும் நிலத்துக்குக் கொடுக்காமல்விட்ட இந்த ஓய்வில்தான். 2 நாளாகமம் 36:21-ன்படி, தேசம் 70 வருஷம் பாழாய்க் கிடந்து தன் ஓய்வுகளை அனுபவித்துத் தீர்த்தது.