ஏழு நூலகங்களுக்கு ஒரே பட்டியல்

எங்கள் பல்கலைக்கழகத்தின் மைய நூலகத்தையும் ஆறு உறுப்புக் கல்லூரிகளின் நூலகங்களையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கும் மூன்றாண்டுத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நான் எழுதிய முதல் வரைவில் பாதிக்கு மேல் நூலில் ஒட்டி ரேடியோ அலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி வில்லைகள், வாயிலில் நிறுத்தும் கண்காணிப்புக் கம்பங்கள், மாணவர்கள் தாமே இரவல் பதிவு செய்துகொள்ளும் இயந்திரங்கள் ஆகியவற்றுக்கே சென்றிருந்தது. அது தவறான தொடக்கம் என்பதை உறுப்புக் கல்லூரிகளுக்கு நேரில் சென்ற பிறகுதான் உணர்ந்தேன்.

ஒரு கல்லூரியில் நூல் வழங்கும் மேசையருகே அமர்ந்திருந்தேன். இலக்கண உரைநூல் ஒன்றைக் கேட்டு வந்த மாணவியிடம், கணினியைத் தொடாமலே எழுந்து சென்று, அடுக்கிலிருந்து அந்நூலை எடுத்து வந்து கொடுத்தார் நூலக உதவியாளர். கணினியில் தேடவில்லையா என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல இல்லைன்னுதான் வரும் மேடம், ஆனா அடுக்குல இருக்கும். தமிழ்ப் புத்தகத்துக்கு நாங்க அதைப் பாக்குறதே இல்லை" என்றார். இருபதாண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றுபவர் என்பதால் அவரால் அப்படி எடுத்துத் தர முடிந்தது. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அந்த மாணவிக்கு அந்நூல் கிடைத்திருக்காது. ஏழு நூலகங்களிலும் உள்ள தமிழ் நூல்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது நிலைமை எங்கும் ஏறத்தாழ அதுவேதான்.

பதிவுகள் ஒரே காலத்தில், ஒரே முறையில் உருவானவை அல்ல. கணினி வந்த புதிதில் தமிழில் உள்ளிட வழியில்லாததால், தலைப்புகளை ஆங்கில எழுத்தில், நெடிலையும் ல, ள, ழ வேறுபாட்டையும் காட்டும் ஒலிக்குறிகள் எதுவுமின்றித் தட்டச்சு செய்திருந்தார்கள். அதன்பின் பாமினி முதலான எழுத்துருக்களிலும், 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியீடுகளிலும் உள்ளிட்டவை வந்தன. 2010இல், உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடு அரசின் தரமாக ஏற்கப்பட்ட பின்னரும் சில கல்லூரிகளில் பழைய எழுத்துருவே தொடர்ந்தது, ஏனென்றால் அங்கிருந்த நூலக மென்பொருள் யூனிகோடை ஏற்கவில்லை. பழைய எழுத்துருப் பதிவுகளை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஆனால் எந்தப் பதிவு எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை அக்கருவிக்கு நாம் சொல்ல வேண்டும். பதிவிலோ அந்தக் குறிப்பு கிடையாது. எந்த ஆண்டில் யார் எந்த எழுத்துருவில் தட்டினார்கள் என்பது சில உதவியாளர்களின் நினைவில் மட்டுமே இருந்தது.

ஆங்கில எழுத்தில் உள்ளவை இன்னும் கடினமானவை. பலம், பழம், பாலம் ஆகிய மூன்றும் அங்கே ஒரே சொல்லாகவே நிற்கின்றன. கலையும் களையும் அப்படியே. எந்தக் கருவியாலும் இவற்றைப் பிரித்தறிய இயலாது. நூலை எடுத்து முகப்புப் பக்கத்தைப் பார்த்துத்தான் திருத்த வேண்டும். யூனிகோடில் உள்ளவையும் முழுக்கச் சீராக இல்லை. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டிய பதிவுகள் இருந்தன. 2005இல் யூனிகோடில் தனியே சேர்க்கப்பட்ட ஶகரத்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் 'ஸ்ரீ' கணினிக்கு இரு வேறு எழுத்துத் தொடர்களாக இருந்தது. ஒன்றைத் தேடினால் மற்றொன்று வராது.

ஆசிரியர் பெயர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் ஒருவரே எங்கள் ஏழு நூலகங்களில் சாமிநாதையர் என்றும், சுவாமிநாத ஐயர் என்றும், உ.வே.சா. என்றும், முன்னெழுத்து முன்னும் பின்னுமாக மாறியும் பல ஆசிரியர்களாகச் சிதறிக் கிடந்தார். அவருடைய பதிப்புகளை முழுமையாகத் திரட்ட விரும்பும் ஆய்வு மாணவர் இத்தனை வடிவங்களையும் ஊகித்துத் தேட வேண்டியிருந்தது. ஒரு வடிவத்தைத் தலைமைப் பெயராக நிறுத்தி, மற்றவற்றை அதற்கு வழிகாட்டும் பெயர்களாக இணைப்பது நூலகத்துறையில் நெடுங்காலமாக உள்ள முறைதான். தமிழ்ப் பெயர்களுக்கு அதை நாங்கள் செய்யாமலே விட்டிருந்தோம்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அதிக விவாதம் எழவில்லை. 1999இல் நியூசிலாந்தில் ஒரு சிறு பொது நூலக அமைப்புக்காக உருவாக்கத் தொடங்கப்பட்டு, இன்று உலகெங்கும் பயன்படும் கட்டற்ற மென்பொருளான கோஹாவை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு நூலகமும் தன் சேர்க்கைப் பதிவேட்டை, அதாவது வாங்கும் நூல்களுக்கு வரிசையெண் இடும் பதிவேட்டை, எண் 1இலிருந்து தொடங்கியிருந்ததால், ஒரே எண்ணில் ஏழு நூல்கள் வந்து நின்றன. எண்ணுக்கு முன்னால் நூலகக் குறியீட்டைச் சேர்த்து அதைத் தீர்த்தோம். நூல்களைப் பொருள்வாரியாக அடுக்க மைய நூலகத்தில் கோலன் பகுப்பும் கல்லூரிகளில் டியூயி பகுப்பும் இருந்ததை அப்படியே விட்டுவிட முடிவு செய்தோம். முதுகுச் சீட்டுகளை எல்லாம் மாற்றி ஒட்டுவதால் வாசகருக்குக் கிடைக்கும் பயன் அந்த உழைப்புக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

நிதிக்குழுவில்தான் கடுமையாக வாதிட நேர்ந்தது. இயந்திரம் என்றால் டெண்டர் விடலாம், இருப்புப் பதிவேட்டில் ஏற்றலாம், தணிக்கையில் காட்டலாம். பதிவுகளைத் திருத்தும் உழைப்புக்கோ பொருத்தமான கணக்குத் தலைப்பே இல்லை. 2025 முதல் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியே ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. ஆங்கில நூல்களின் பதிவுகளைப் பெரும்பாலும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் போன்ற பெரு நூலகங்களின் பட்டியல்களிலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் நம் ஊர்ச் சிற்றச்சகங்கள் வெளியிட்ட தமிழ் நூல்களுக்கும், நின்றுபோன இதழ்களுக்கும், கல்லூரி மலர்களுக்கும் வேறு எவரும் பதிவு செய்து தரமாட்டார்கள். நாம் செய்யாவிட்டால் அவை அடுக்கில் இருந்தும் இல்லாதவையே. இந்த வாதத்தை மூன்று கூட்டங்களில் முன்வைத்த பிறகு, முதல் இரண்டாண்டு நிதியின் பெரும்பகுதியைப் பதிவுப் பணிக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள். ஆர்எஃப்ஐடி மூன்றாம் ஆண்டுக்கு, மைய நூலகத்துக்கு மட்டும் எனத் தள்ளிவைக்கப்பட்டது. அந்த வில்லைகளில் தரவை எழுதும் முறை ஐஎஸ்ஓ 28560 தரத்தில் இருக்க வேண்டும் என்பதை டெண்டர் நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னேன். ஒரு விற்பனையாளரின் தனி முறையில் எழுதிவிட்டால் பிறகு வேறொருவரிடம் கருவி வாங்க இயலாமல் போய்விடும்.

ஒப்பந்த முறையில் பட்டியலாளர் இருவரும், தமிழ்த்துறை முதுகலை மாணவர்கள் சிலரும் இப்போது கல்லூரி கல்லூரியாகச் சென்று வருகிறார்கள். நூலை அடுக்கிலிருந்து எடுத்து, முகப்புப் பக்கத்தைப் பார்த்து, தலைப்பைத் தமிழில் எழுதி, ஒலிபெயர்ப்பை நூலகப் பதிவுகளுக்கான பொது அமைப்பான மார்க் வடிவத்தின் 880 என்ற இணைப்புலத்தில் சேர்க்கிறார்கள். நான்கு நூலகங்களில் பணி முடிந்துவிட்டது. ஐந்தாவது, அன்று அடுக்கிலிருந்து நூலை எடுத்துக் கொடுத்த உதவியாளரின் நூலகம். அவர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் பிற்பகலில் அவருடன் அமர்ந்து, சேர்க்கைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எந்த எழுத்துரு என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறோம்.