சீலையா, சுருளியா? மூன்றாவது செப்டம்பரில் பிடிபட்ட கதிர்குருவி

போன இரண்டு வருஷமும் என் குறிப்பேட்டில் செப்டம்பர் பக்கங்களில் எல்லாம் "இலைக்கதிர்குருவி, எது என்று தெரியவில்லை" என்றே இருக்கும். இந்த முறை 28-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே காலுக்கு, முதல் தடவையாகப் பெயரைப் பேனாவில் எழுதினேன். கிரீன் வார்ப்ளர்தான். அச்சு அசல் அதைப்போலவே இருக்கும் இன்னொரு கதிர்குருவியான கிரீனிஷ் இல்லை. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இடம் கோத்தகிரி, லாங்வுட் சோலைக்கு அருகே தேயிலைக்கு நடுவில் நிற்கும் சில்வர் ஓக் வரிசை. 116 ஹெக்டேர் சோலை, 2024-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். ஆனால் இந்த வேலைக்குச் சோலையின் உள்ளே இருட்டு அதிகம், வெளி ஓரம்தான் வசதி. குளிர்காலத்துக்கு இங்கே வலசை வரும் பறவைகளில் வாலாட்டி வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டது. இலை எடை போடும் கொட்டகையில் இருக்கும் அக்கா ஆகஸ்ட் கடைசியிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, உங்க வாலாட்டி வந்துருச்சு. போன வருஷம் நின்ன அதே கல்லுலதான் நிக்குது." காலில் அடையாள வளையம் போடாமல் அதே பறவைதான் என்று சொல்ல முடியாது, ஆனாலும் வருஷா வருஷம் பழைய இடத்துக்கே திரும்பும் ஜாதிதான் அது. செப்டம்பர் இரண்டாம் வாரம் பழுப்புக் கீச்சானும் வேலிக்கம்பிக்கு வந்து சேர்ந்தது. இவையெல்லாம் கண்ணுக்கு நேரே நிற்கிற பறவைகள், சிரமமே இல்லை.

கதிர்குருவி அப்படி இல்லை. பத்து கிராம்கூட இல்லாத உடம்பு, ஓக் மரத்தின் உச்சி, கூடவே வெள்ளைக்கண்ணிக் கூட்டம், நடுவில் மஞ்சு இறங்கிவிட்டால் பைனாகுலரில் இலையும் தெரியாது, குருவியும் தெரியாது. கிரீனிஷ் சைபீரியப் பக்கத்துக் காடுகளிலும் இமயமலையிலும் கூடு கட்டுவது, கிரீன் காகசஸ் மலைப்பக்கம் இருந்து வருவது. அவ்வளவு தூரத்து இரண்டும் ஒரே மரத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கிரீனில் முகத்திலும் வயிற்றிலும் மஞ்சள் கூடுதல் என்பது உண்மைதான், ஆனால் காலை வெயிலில் எல்லாமே மஞ்சள். இறக்கைப் பட்டையை நம்பவே கூடாது, தேய்ந்த சிறகில் பாதி அழிந்திருக்கும். நம்பக்கூடியது குரல் ஒன்றுதான். நல்லவேளையாக, குளிர்காலத்திலும் ஆளுக்கொரு இடம் பிடித்துக் கத்திக் கத்திக் காவல் காக்கிற குணம் இவற்றுக்கு உண்டு.

கிரீனிஷ் இரண்டு அசை, கிரீன் மூன்று அசை. நான் மனதில் வைத்துக்கொண்டது: கிரீனிஷ் "சீலை", கிரீன் "சுருளி". சுருளியின் நடு அசை மின்னல் மாதிரி ஓடிவிடும், காதுக்கு அது சீலையாகவே கேட்கும். இரண்டு வருஷம் ஏமாந்தது இந்த நடு அசையில்தான். பெயர் சொல்லும் செயலி ஒன்றையும் நம்பிப் பார்த்தேன், ஒரே குருவிக்கு ஐந்து நிமிஷத்தில் மூன்று பெயர் சொன்னது. அதோடு அதை விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் செய்தது இதுதான். போனில் சத்தம் குறைக்கும் வசதியை அணைத்துவிட்டு, சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவு. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் 2 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் காற்றும் லாரியும் போய்விடும். அப்புறம் ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது சத்தத்தைப் படமாகக் காட்டும் வரைபடத்தில், ஒரு நொடி திரை முழுக்க வரும்படி இழுத்து வைத்துப் பார்க்க வேண்டும். பெரிதாக்காமல் பார்த்தால் நடு அசை பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் படத்துக்கு ஒலியை எவ்வளவு சின்னத் துண்டாக நறுக்குவது என்கிற சாளர அளவை 512 வைத்ததும் தனியாகப் பிரிந்து நின்றது, இரண்டு கொம்புக்கு நடுவே ஒரு சின்ன முள் போல. அதைப் பார்த்த நிமிஷம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, காற்றுச் சத்தம் விழாமல் மைக்குக்கு மாட்டும் ரோமச் சட்டை. இணையத்தில் வாங்கியது முதல் சாரலிலேயே நனைந்து சடையாகிவிட்டது, பணம் வீண். கோயம்புத்தூரில் பொம்மைக்கு வாங்கும் ரோமத்துணி கால் மீட்டர் வாங்கி வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து டெய்லர் அண்ணனிடம் கொடுத்தேன். மயிர் வெளிப்பக்கம், உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச், வாயில் எலாஸ்டிக். மைக்கில் துணி ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி விடச் சொன்னேன், அந்த இடைவெளிதான் உயிர். மீதித் துணியில் இன்னொன்று தைக்கலாம்.

அக்டோபரில் காஷ்மீர் ஈப்பிடிப்பானைத் தேடி ஊட்டிப் பக்கம் நாலு நாள் போக நினைத்திருக்கிறேன். வடமேற்கு இமயமலையில் கூடு கட்டி, குளிருக்கு இலங்கை மலைகளுக்கும் நம் நீலகிரிக்கும் வருகிற பறவை. அதற்கு லீவு சொல்லியாகிவிட்டது. வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் போய்விட வேண்டும்.

அதற்கு முன்னால் இங்கே வேலை கிடக்கிறது. 41 பதிவுகளில் 17 மட்டுமே பிரித்திருக்கிறேன்: 11 சுருளி, 6 சீலை. பெரிய அலகுக் கதிர்குருவி என்று சந்தேகப்படும் மூன்றைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். 23-ஆவது பதிவில் முள் இருக்கிற மாதிரியும் தெரிகிறது, இல்லாத மாதிரியும் தெரிகிறது. நேற்று ராத்திரி பத்து தடவை கேட்டாயிற்று. அந்தக் குருவி இன்னும் அதே மூன்றாவது ஓக்கில்தான் இருக்கிறது, நாளை காலை ஆறரைக்கு மரத்தடியில் நின்று திரும்பப் பதிவு செய்யப் போகிறேன்.