லென்ஸ பாதி மூடினா படமும் பாதி ஆயிடுமா?

ஒரு பூதக்கண்ணாடிய ஜன்னலுக்கு எதிர் சுவர் பக்கத்துல புடிச்சு முன்ன பின்ன நகத்துங்க, ஒரு இடத்துல வெளிய இருக்கற மரம் வானம் எல்லாம் குட்டியா தலைகீழா சுவத்துல விழும். இப்போ லென்ஸ்ல பாதிய அட்டை வச்சு மறைங்க. பாதி மரம் காணாம போயிடும்னுதான தோணுது? போகாது. முழு மரமும் இருக்கும், வெளிச்சம் மட்டும் குறையும். ஏன்னா மரத்தோட ஒவ்வொரு புள்ளில இருந்தும் வர்ற ஒளி லென்ஸ் முழுக்க பரவி விழுது, லென்ஸோட எந்த பகுதில பட்டாலும் அது சுவத்துல அதே ஒரு இடத்துக்குத்தான் வளைஞ்சு போகும், அதனால மிச்சம் இருக்கற பாதியே முழு படத்தையும் போட்டுடும். புக்ல ஒளிக்கதிருக்கு ரெண்டே ரெண்டு கோடு போட்டு காட்டறதாலதான் இந்த குழப்பமேன்னு நினைக்கறேன்.

கண்ணுலயும் இதே கதைதான், கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கற விழித்திரைல படம் தலைகீழாதான் விழுது, வானியல் அறிஞர் கெப்ளர் 1604லயே சொல்லிட்டாரு. மூளை அத திருப்பி போடுதுன்னு சொல்றது எனக்கு சரியா படல, உள்ள உக்காந்து அந்த படத்த பாக்க யாரும் இல்லயே!

அப்புறம் கண்ணுல ஒளிய வளைக்கறதுல மூணுல ரெண்டு பங்கு வேலை லென்ஸோடது இல்ல, கண்ணுக்கு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கற கார்னியாவோடது, சுமார் 43 டயாப்டர் (ஒளிய வளைக்கற பவர அளக்கற அலகு). லென்ஸ் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஃபோகஸ் மாத்திக்கும். தண்ணிக்குள்ள எல்லாம் மங்கலா தெரியறதும் இதனாலதான், தண்ணியும் கார்னியாவும் ஒளிய கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளைக்கறதால அந்த 43ல பெரும்பகுதி காலி. நீச்சல் கண்ணாடி போட்டா திரும்ப தெளிவாயிடும், அதுல பவர்லாம் கிடையாது, கண்ணு முன்னாடி கொஞ்சம் காத்து நிக்குது அவ்ளோதான்.