சிசி கணக்கு வாராக்கடனாகி, பத்திரம் கைக்கு வந்த வரை

கோவையில் சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க். பெரிய பார்ட்டி ஒருவர் பில் பணத்தை இழுத்தடித்ததும் சிசி கணக்கு (கேஷ் கிரெடிட், லிமிட் வரை எடுத்துத் திருப்பிக் கட்டும் தொழில் கடன்) லிமிட்டைத் தாண்டி நின்றது.

வங்கி மேலாளர் கோபப்படவே இல்லை. "மார்ச் முடியறதுக்குள்ள ஒரு டேர்ம் லோன் போட்டுத் தர்றேன், அதுல வட்டியைக் கட்டிடுங்க" என்றார். கணக்கு நல்லபடியாகத் தெரிந்தது, கடன்தான் கூடியது. பெரிய நிறுவனங்களுக்கும் வங்கிகள் இதைத்தான் செய்தன. 2015-ல் வங்கிகள் கொடுத்த கடன்களின் உண்மை நிலையைப் பார்க்க ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு நடத்தியதும் மூடி வைத்ததெல்லாம் வெளியே வந்து, 2018 மார்ச்சில் வாராக்கடன் வங்கிகளின் மொத்தக் கடனில் 11 சதவீதத்தைத் தாண்டியது.

அடுத்து வந்த மேலாளர் கறார். கணக்கு சரியாகாமல் 90 நாள் ஆனதும் என்பிஏ, அதாவது வாராக்கடன். கொஞ்சம் கட்டினால் சரியாகிவிடும் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அந்தக் காலம் போய்விட்டது. பாக்கி அசல், வட்டி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும்.

பிறகு சர்ஃபாசி சட்டம் (ஈட்டுச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சட்டம்) 13(2) நோட்டீஸ், 60 நாள் கெடு. வீடு ஈட்டில் இருந்தது. அந்த நோட்டீஸ் வந்த மறுநாளே ஜப்தி என்று நினைத்து வட்டிக்காரரிடம் ஓடுகிறவர்கள் உண்டு, ஓட வேண்டாம். எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அதை ஏற்காவிட்டால், வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். வட்டிக் கணக்கைக் கேட்டு எழுதினேன், அபராத வட்டி எவ்வளவு என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் ஓடிஎஸ் மனு, அதாவது ஒரு தொகை பேசிக் கடனை முடித்துக்கொள்ளும் சமரசம். கிளையில் கெஞ்சிப் பயனில்லை. 2023-ல் வந்த விதிப்படி, கடனுக்கு ஒப்புதல் தந்த அதிகாரிக்கு ஒரு படியாவது மேலே உள்ளவர்தான் சமரசத்துக்கு ஒப்புதல் தர முடியும். அதனால் மனு மண்டல அலுவலகத்துக்குப் போனது. பார்ட்டியின் பாக்கி பில்கள், பட்டறையின் ஜிஎஸ்டி தாக்கல் எல்லாம் இணைத்தேன். காலி மனையை விற்றுத் தவணையில் கட்டினேன்.

கட்டி முடித்ததோடு விட்டுவிடாதீர்கள். வங்கியிடம் என்ஓசி (பாக்கி இல்லை, ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானம் தீர்ந்த ரசீது பதிந்து, வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில், முழுதாகக் கட்டாமல் சமரசத்தில் முடித்தது என்ற பொருளில் 'செட்டில்ட்' என்றுதான் வருகிறது. புது மெஷினுக்குக் கேட்ட இடத்திலெல்லாம் அதைப் பார்த்துக் கையை விரிக்கிறார்கள். இப்போதைக்கு நகைக்கடனில் பட்டறை ஓடுகிறது.